நிலக்கரி மஹாதேவனின் வெயில் அடுப்பு

மஹாதேவனுக்கு வெயில் ஆகாது. வங்காளிகள் நடுவே இருந்த லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து வேலைக்குப் போன அத்தனை வருஷமும் குடை இல்லாமல் அவர் படியிறங்கியதில்லை. வேலை ஒரு நிலக்கரிக் கம்பெனியில். எந்தச் சுரங்கத்துக் கரி எந்த ஊருக்கு எந்த வேகனில் போக வேண்டும் என்று உத்தரவு போட வேண்டும். சுரங்கத்தை ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறார், அதுவும் மேலே நின்று. ஆனாலும் தெருவில் அவருக்குப் பெயர் ‘கொய்லா பாபு’, கரிக்காரர்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற மறு வருஷம், தொண்ணூற்றெட்டில், மொட்டைமாடியில் சூரிய அடுப்பு வைத்தார். பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கரிப்புகை ஒரு பெரிய காரணம் என்று பத்திரிகையில் படித்திருந்தார். தாம் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கரியெல்லாம் தலைக்கு மேலே மிதக்கிறது என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. உலக விவகாரம் ஒன்றில் தமக்கும் பங்கு இருக்கிறதே!

அடுப்பு என்றால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே கண்ணாடி மூடி, வெயிலை உள்ளே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. காலையில் அரிசியும் பருப்பும் வைத்து மூடினால் மத்தியானம் வெந்திருக்கும். அவர் மனைவி ஜகதாம்பாள் முதலில் அதன் மேல் வடாம் காயவைத்தாள். பிறகு சாம்பார் வைத்தாள். அரசாங்கம் பாதி விலைக்குக் கொடுத்ததால் அக்கம்பக்கத்து வங்காளிக் குடும்பங்களும் ஆளுக்கொன்று வாங்கின.

தெருக்காரர்கள் சேர்ந்து நடத்திய கிளப் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் தெருவை மறித்துப் பெரிய கரியடுப்புகளைப் பற்றவைத்துத்தான் கிச்சடிப் பிரசாதம் ஆகும். தெருவே இருமும். மஹாதேவன் ஒவ்வொரு மீட்டிங்கிலும் எழுந்து இதைக் கண்டித்துப் பேசுவார். டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

கடைசியில் செயலாளர் பிமல் சமாதார் பொறுமை இழந்தார். “சரி கொய்லா பாபு, இந்தத் தடவை உங்க வெயில்லயே ஆகட்டும். ஒரு மணிக்குப் பந்தி. வேகலைன்னா கரியடுப்பைப் பத்தவைப்போம். அப்புறம் நீங்க மீட்டிங்ல வாயைத் திறக்கக் கூடாது.”

“எத்தனை நாளைக்கு?”

“ஆயுசுக்கும்!”

கூட்டம் முழுவதும் கைதட்டியது. அதுதான் மஹாதேவனை உறுத்தியது; சரி என்றுவிட்டார்.

வீட்டில் ஜகதாம்பாள் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். “அங்க பேசக் கூடாதுன்னா, அத்தனையும் இங்க என்கிட்டன்னா பேசுவேள்? வெந்தே ஆகணும். எப்படியாவது வெந்தாகணும்.”

பூஜையன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெட்டிகளும் வந்து மஹாதேவன் மாடியில் வரிசையாக உட்கார்ந்தன. கீழே பிமல், எதற்கும் இருக்கட்டும் என்று, கரியை அடுக்கிவைத்திருந்தார்.

சிக்கல் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு மேலே வந்தது. புஷ்பாஞ்சலிக்காகப் பட்டினியோடு காத்திருந்த பெண்கள் பொழுதுபோகாமல் மாடியேறி ஆளுக்கொரு மூடியைத் திறந்தார்கள். எதிர்வீட்டு ஷிப்ரா கரண்டியே கொண்டுவந்திருந்தாள்.

“திறந்தா சூடு போயிடும்மா!” என்று மஹாதேவன் வெப்பம் எப்படிச் சேர்கிறது, எப்படித் தப்புகிறது என்று ஆதியிலிருந்து விளக்கினார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கிளறினார்கள்.

ஜகதாம்பாள் வந்தாள். “ஷிப்ரா, இந்த வருஷம் இலந்தைப்பழம் தின்னாச்சா?”

“ஐயோ மாஷிமா, பூஜை முடியறதுக்கு முன்னாடியா? சரஸ்வதி கோவிச்சுப்பா, பரீட்சையில பெயிலாயிடுவோம்!”

“இது மட்டும் என்னவாம்? எங்க பக்கத்துல நைவேத்யத்தை அம்பாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி மோந்துகூடப் பார்க்க மாட்டோம். நீ கரண்டிய விட்டுக் கிளறறே.”

ஷிப்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லா மூடிகளும் ஒன்றாக மூடிக்கொண்டன.

“இதுல விஞ்ஞானமே இல்லையே,” என்று முணுமுணுத்தார் மஹாதேவன்.

“மூடி மூடியிருக்கோன்னோ?” என்றாள் ஜகதாம்பாள்.

அதன் பிறகு யாரும் நெருங்கவில்லை. மஹாதேவன் மட்டும் தம் பெட்டியின் பக்கத்திலேயே காவல் நின்றார்.

ஒரு மணிக்குப் பிமல் சட்டைப்பையில் தீப்பெட்டியுடன் மேலே வந்தார். முதல் பெட்டியைத் திறந்ததும் ஆவி எழும்பியது. பாசிப்பருப்பும் காலிஃப்ளவரும் பட்டாணியும் குழைந்து கிடந்தன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குள் பிமலுக்கே பசி வந்துவிட்டது. கடைசியில் மஹாதேவனின் பெட்டி. பிமல் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். ‘கடக்’ என்று எல்லோருக்கும் கேட்டது.

மஹாதேவன் வாயடைத்து நின்றார். அந்த ஆயுள் தண்டனைக்கு ஒத்திகைபோல இருந்தது.

“என்ன இது கொய்லா பாபு? மத்த எல்லாருதும் வெந்திருக்கு!”

ஜகதாம்பாள் கணவரின் தலைக்கு மேலே பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். “வேகும், ரொம்ப நன்னா வேகும்! காலம்பரலேர்ந்து குடையைப் பிடிச்சுண்டு அதுக்கு நிழல் குடுத்துண்டு நிக்கறேளே!”

முதலில் சிரித்தது ஷிப்ரா. அப்புறம் மாடி முழுவதும் சிரித்தது. பிமல் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “வெயில் ஜெயிச்சாச்சு. தோத்தது நிழல்தான்,” என்று தீர்ப்பு சொன்னார். மற்ற பெட்டிகளே பந்திக்குப் போதுமானதாக இருந்தன. கீழே அடுக்கிய கரி அடுக்கியபடியே கிடந்தது.

அடுத்த மீட்டிங்கில், தெருவில் இனி கரியடுப்பு இல்லை என்று கிளப் தீர்மானம் போட்டது. நன்றி சொல்ல மஹாதேவன் எழுந்தார். டீ ஆறியது. இரண்டாவது டீயும் ஆறியது. பிமல் சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் வீட்டில் ஜகதாம்பாள் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லை. அப்படியொரு நல்ல சாயங்காலம் அவளுக்கு வாய்த்து வெகு நாளாகியிருந்தது.