மேல் உப்பும் அடி உப்பும்

கோழித் தீவன ஆலையின் ஆய்வகத்தில் எனக்குப் பதினாறு வருட வேலை. நாமக்கல் பக்கத்து முட்டைக் கோழிகளுக்குப் போகிற தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. அது குறைந்தால் கோழி ஓடு கட்டாத தோல்முட்டை போடும், பண்ணைக்காரர் போனில் பிடித்துக்கொள்வார். ஆகவே மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதை நான் அப்படியே நம்புவதில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். போன வருடம் முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவர் சொன்னார். அந்த மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கடல் மீன் தொட்டி ஒன்று இருந்தது. மெல்லிய விரல்கள் போல் பவளங்கள் அசைந்துகொண்டிருந்தன. எங்கள் பெயரைக் கூப்பிட்ட பிறகும் அவர் அதன் முன்னாலேயே நின்றார். வலி தொடங்கிய நாளிலிருந்து எதையும் அப்படிப் பார்த்தவர் இல்லை அவர். திரும்பி வரும் பேருந்திலேயே, வீட்டில் ஒரு தொட்டி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கண்ணாடித் தொட்டி, விளக்கு, பம்பு எல்லாம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டன. எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரமே வெள்ளையாகிவிடும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து, அதில் உப்புக் கலவை கரைத்துக் கடல் நீர் செய்ய வேண்டும். எந்த உப்பு என்பதில்தான் பேச்சு வந்தது.

"உப்புதான புள்ள. தூத்துக்குடியிலிருந்து நான் ஏத்தாத லோடா? சேக்காளி ஒருத்தன்கிட்டச் சொன்னா ஊட்டு வாசல்லயே ஒரு மூட்டைய எறக்கிட்டுப் போயிருவான்" என்றார்.

"அது சோத்துக்குப் போடற உப்புங்க. கடல் தண்ணியக் காய வெச்சு உப்ப மட்டும் வாரிக்கிட்டு, மிச்சத் தண்ணிய வெளிய உட்டுருவாங்க. மெக்னீசியமெல்லாம் அந்த மிச்சத்தோட போயிருது. பவளத்துக்கு அதுவும் வேணுமுங்க."

"அப்பக் கடல் தண்ணியவே டேங்கர்ல..."

"நீங்க மொதல்ல நிமுந்து உக்காருங்க" என்றேன்.

சேலத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவர் மூன்று வகை காட்டினார். ஒன்று மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு. இரண்டாவதில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் தூக்கலாக இருக்கும், பவளம் வேகமாக வளரும் என்றார். மூன்றாவது, இயற்கைக் கடல் நீரின் அளவுகளை ஒட்டியது.

"ரெண்டாவத எடுத்துக்கங்கக்கா. எல்லாரும் அதத்தான் வாங்குறாங்க" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கடலில் கல்லாக வளரும் பவளங்களை எடுப்பதற்கும் வளர்ப்பதற்கும் சட்டத்தில் தடை உண்டு. நாங்கள் வைக்கப்போவது தொட்டியிலேயே பெருக்கிய மென்பவளங்கள். எலும்பு பெரிதாகக் கட்டாத உயிருக்கு எதற்கு அவ்வளவு சுண்ணாம்பு? முட்டையிடாத குஞ்சுக்கு முட்டைக் கோழித் தீவனம் போட்டால் சிறுநீரகம் கெடும், அதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வகையில் இரண்டு வாளி வாங்கி, பார்சல் லாரியில் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் தொட்டி நன்றாக ஓடியது. வாரம் ஒரு முறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்ததை ஊற்றுவேன். அவர் நாற்காலியைத் தொட்டிக்கு நேராகப் போட்டுக்கொண்டார். எந்தப் பவளம் எத்தனை மணிக்கு விரிகிறது என்று நான் வேலையிலிருந்து வந்ததும் சொல்வார்.

ஒரு நாள் சொன்னது வேறு. "ஒண்ணுமே விரியல புள்ள. காலையிலிருந்து சுருண்டுக்கிட்டுக் கெடக்குது."

முந்தின நாள்தான் தண்ணீர் மாற்றியிருந்தேன். காரத்தன்மையைச் சோதித்தேன். நிறம் மாறுவதற்கு வழக்கத்தைவிட நிறையச் சொட்டுகள் விட வேண்டியிருந்தது, அதாவது காரம் ஏறியிருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "நான் அப்பவே சொன்னேன்லக்கா, அந்த உப்பு சரியில்ல. மாத்திருங்க" என்றார்.

மாற்ற எனக்கு மனம் வரவில்லை. உப்பு சரியில்லை என்றால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். என் நோட்டைப் புரட்டினேன். முதல் ஆறு முறையும் அளவு கொஞ்சம் தாழ்வாக இருந்தது, பிறகு வாராவாரம் ஏறியிருந்தது. உப்பு வாளியை எட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி தீர்ந்து, அடியில் மாவு போல் பொடி கிடந்தது. உப்புக் கலவையில் காரத்தன்மை தருவது அந்தப் பொடிதான்.

சட்டென்று புரிந்ததும் என் மேலேயே கோபம் வந்தது. தீவன மூட்டையில் நாங்கள் ஒரு இடத்தில் மட்டும் மாதிரி எடுக்கவே மாட்டோம். லாரியில் குலுங்கிக் குலுங்கிப் பொடி கீழே இறங்கிவிடும் என்பதால் குத்தூசி என்கிற கூர்முனைக் குழாயை விட்டு மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுப்போம். அதை வருடக்கணக்கில் செய்தவள், வீட்டில் மேலாக அள்ளிப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் புதுக் குத்தூசி ஒன்று வாங்கி வந்து, பிரிக்காத இரண்டாவது வாளியில் மூன்று இடத்திலும் எடுத்துத் தனித்தனியாகக் கரைத்துப் பார்த்தேன். மேல் உப்பில் காரத்தன்மை குறைவு, அடி உப்பில் மிக அதிகம். மூன்றையும் சமமாகக் கலந்தபோது வாளியில் எழுதியிருந்த அளவு அப்படியே வந்தது. உப்பில் குற்றமில்லை. நான் தேர்ந்தெடுத்ததும் சரிதான்.

"பார்சல் வண்டியில வந்துச்சுல்ல, எறங்காம என்ன பண்ணும்?" என்றார் அவர். பிறகு, "வாளியத் தூக்க வேண்டாம்னுதான் டாக்டர் சொன்னாரு. உருட்ட வேண்டாம்னு சொல்லலயே?" என்று கேட்டார்.

மூடியை இறுக்கி வாளியைப் படுக்கவைத்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே பாதத்தால் அதை முன்னும் பின்னும் வெகுநேரம் உருட்டினார். பிறகு மறுபடியும் மூன்று இடத்தில் எடுத்துச் சோதித்தேன். மூன்றும் ஒன்றாக இருந்தன.

அந்த உப்பில் தினமும் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினோம். ஒரேயடியாக மாற்றினால் பவளம் தாங்காது. ஐந்தாம் நாள் நான் ஆய்வகத்தில் இருந்தபோது போன் வந்தது.

"விரிஞ்சிருச்சு புள்ள. பெருசு மட்டும் இன்னும் யோசிக்குது."

பெரியதும் அந்த வாரக் கடைசியில் விரிந்தது. கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "உருட்டணும்னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிடறேங்கக்கா" என்றார்.

இப்போது என் வீட்டுக்காரர் மறுபடி வண்டியில் போகிறார், பக்கத்து ஊர் லோடு மட்டும். கிளம்புவதற்கு முன்னால் வாளியை உருட்டிவிட்டு, தண்ணீரையும் தானே கலந்து வைத்துவிடுவார். நான் சரிபார்க்கத் தேவையில்லாத அளவுக்குச் சரியாக இருக்கும். இருந்தாலும் ஒரு முறை சோதித்துவிடுகிறேன்.