ஐம்பத்தைந்தரை சென்டிமீட்டர்

கம்ப்யூட்டர் அறையைத் தலைமையாசிரியர் எனக்கு ஒரே ஒரு மணி நேரத்துக்குத்தான் கொடுத்தார். பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை. "வீடியோ கான்பரன்ஸ் சரியா வரலைன்னா கரும்பலகையே போதும்னு விட்டுடலாம் சார்," என்றார். 2013, பொங்கல் முடிந்த வாரம். மே மாதம் எனக்கு ஓய்வு. இன்னொரு ஜனவரி எனக்குக் கிடையாது.

திட்டம் எளிது. நெய்வேலியில் நாங்கள் ஒரு மீட்டர் குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளப்போம். தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பயிற்சி முகாமில் எனக்கு அறிமுகமான டீச்சரின் வகுப்பும் அதையே செய்யும். திரையில் ஒருவரையொருவர் பார்த்தபடி அளவைச் சொல்லிக்கொள்வோம். நிழல்களிலிருந்து இரண்டு கோணங்கள். கோண வித்தியாசமும் ஊர்களுக்கு இடையிலுள்ள வடக்கு-தெற்குத் தூரமும் சேர்ந்தால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். வரைபடத்தில் அந்தத் தூரத்தை நான்கு முறை அளந்தேன். முந்நூற்றாறு கிலோமீட்டர்.

பத்தாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர், நாற்பத்து மூன்று நாற்காலி. வயர் பன்னிரண்டு மீட்டர். ஒத்திகை ஐந்து முறை, ஐந்தும் காலை எட்டரைக்கு. முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை.

திரையில் அந்தப் பிள்ளைகள் தெரிந்ததும் இரண்டு வகுப்பும் காரணமில்லாமல் சிரித்தன. "ஏல, அந்த சார் கண்ணாடிய பாரு!" என்று அங்கிருந்து ஒரு குரல். எங்கள் பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கொண்டாடினார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் திரை கறுத்தது.

நான் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். வயரைக் கடைசிவரை தடவிப் பார்த்தேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது.

"நாம சிரிச்சதுல அவங்களுக்குக் கோவமா சார்?" என்றான் முன்வரிசைப் பையன்.

கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி எழுந்தாள். "சார், அங்க கரண்ட் போயிருக்கும். பன்னண்டு மணி கட்டு. எங்க வூட்லயும் இந்நேரம் போயிருக்கும்."

"எப்படிப் போகும்? எங்கப்பா அனல்மின் நிலையத்துல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல கரண்ட் எடுத்துட்டுத்தானே இருக்காரு?" என்றான் அவன்.

"எடுத்துகினுதான் இருக்காரு. நிலக்கரி தோண்டுற மண்ணு எங்க ஊருது, ஃபேன் உங்க குவார்ட்டர்ஸ்ல சுத்துது. எங்களுக்கு டெய்லியும் ஆறு வாட்டி போவுது. தெரியுமாடா?"

வகுப்பு ஓவென்று கத்தியது. அவனும் சிரித்துவிட்டான். எனக்குத்தான் முகம் சிவந்திருக்கும். ஊரெல்லாம் மின்வெட்டு என்று தினமும் பேப்பரில் படித்தவன் நான். இருபத்தேழு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்தவனுக்கு, அந்த டீச்சரிடம் உங்கள் ஊரில் கட் எத்தனை மணிக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அவருடைய செல்லுக்கு ஏழு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

"வெயிலுக்குக் கரண்ட் எதுக்கு சார்? அவங்க வெளிய அளந்துகினு இருப்பாங்க. நாமளும் போலாம் வாங்க," என்றாள் அந்தப் பெண். வேறு வழி? மைதானத்துக்கு ஓடினோம். சூரியன் உச்சிக்கு வந்த பன்னிரண்டு இருபத்து மூன்றுக்கு எங்கள் நிழல் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மூன்று பேரை அளக்க வைத்தேன்.

"எப்ப வரும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"எங்களுக்கு ரெண்டு மணிக்கி வரும் சார். அவங்களுக்கும் அப்டித்தான் இருக்கும்."

இரண்டு மணிக்கு அறை பன்னிரண்டாம் வகுப்புக்கு. தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்து நிமிஷம். அதுக்கு மேல கேக்காதீங்க."

இரண்டு மணி. திரை கறுப்பு. இரண்டு ஒன்று. இரண்டு மூன்று. வாசலில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தலைமையாசிரியரும் வந்து நின்றார். இரண்டு நான்குக்குத் திரை வெளுத்தது. அங்கே ஒரு வகுப்பே கேமராவின் முன்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றது.

"சார்! கரண்ட் போயிட்டு சார்! ஆனா நாங்க அளந்துட்டோம்!" சாக்பீஸால் எழுதிய ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். 55.5.

"அரையா? நல்லா பாத்தீங்களா? அரைதானா?" என்றேன்.

"அரைதான் சார்! டீச்சர் போன் அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு, அவுக வெயில்ல குனிஞ்சு அளந்துக்கிட்டு இருந்தாவ!"

டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்துக் கோணங்களைக் கழித்தோம். இரண்டே முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பெண் பலகையில் பெருக்கி வகுத்தாள். இரண்டு ஊரும் மூச்சுவிடாமல் பார்த்தன. முப்பத்தொன்பதாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். புத்தகத்தில் இருப்பது நாற்பதாயிரம்.

திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுந்த சத்தத்தில் மைக் கிறீச்சிட்டது. மீதி இருநூற்றுச் சொச்சம் எங்கே தொலைந்தது என்று நான் முணுமுணுத்தேன். தலைமையாசிரியர் உள்ளே வந்து காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். "ஒரு குச்சிய வச்சி இவ்வளவு கிட்ட வந்திருக்கு, விடுங்க சார்," என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "நீங்களும் உள்ள வந்து பாருங்கடா," என்றார்.

பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. இணைப்பை முதலில் யார் துண்டிப்பது என்று இரு வகுப்புக்கும் தகராறு. "நீங்க வைங்க!" "நீங்க மொதல்ல வைங்க!" நான்கு நிமிடம் கையாட்டிக்கொண்டே இருந்தார்கள். நானும் ஆட்டினேன்.