முனிரத்தினம் அனுப்பாத பதில்

முனிரத்தினத்தின் எண்ணிலிருந்து மெசேஜ் வந்தபோது நான் பஸ்ஸில் வடமாலபேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வேலையை விட்டு விஜயபுரத்துக்குப் போனவர், அதன் பிறகு நான் எத்தனை மெசேஜ் அனுப்பியும் பதில் போட்டதில்லை. திரையில் அவர் பெயரைப் பார்த்ததும், அப்பாடா, கோபம் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். திறந்தால், ‘முனிரத்தினம் இன்று காலை காலமானார்’ என்று இருந்தது. அவர் போனிலிருந்து அவர் மனைவி அனுப்பியிருக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

என்ன கோபம் என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே அவரை வழியனுப்ப வேண்டியிருக்கிறதே என்பதுதான் அங்கிருந்து விஜயபுரம் போகும் வழி நெடுக என்னை அரித்தது.

நம் திருப்பதி ஆபீசில் அவரோடு இருந்த உங்களுக்குத் தெரியும், நாம் நடத்தித்தரும் வெப்சைட்டுகளுக்குச் சர்வரை வாடகைக்குத் தரும் கம்பெனிக்குப் புகார் எழுதுவது அவர் வேலை. நாம் எழுதினால், ‘சைட் ஸ்லோவாக இருக்கிறது, உடனே சரிசெய்யவும்’ என்போம். ‘எங்களிடம் எல்லாம் சரியாகத்தான் உள்ளது’ என்று பதில் வரும். அவர் சிரிப்பார். “டாக்டர் கிட்ட போயி ஒடம்பு சரியில்லன்னா போதுமாபா? எங்க நோவுது, எப்பத்துலருந்து நோவுதுன்னு சொல்ல வேணா?” அவர் எழுதும் புகாரில் யார் திறந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எப்போது, எங்கே நின்றது எல்லாம் இருக்கும். முதல் வரி மட்டும் மாறாது: ‘காரணம் எங்களுக்குப் புரியவில்லை.’ மானம் போகிறது என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். “புரியலன்னா புரியலன்னு தான் எழுதணும். தெரிஞ்ச மாரி எழுதினா அவன் அதையே புடிச்சிக்கினு தொங்குவான்” என்பார்.

ஒரு லாட்ஜின் ரூம் புக்கிங் சைட் சென்னைக்காரர்களுக்கு மட்டும் திறக்காமல் இழுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். புரட்டாசிக் கூட்டம். நம் ஆபீசில் திறந்தால் உடனே வருகிறது. லாட்ஜ்காரர் தெலுங்கில் திட்டி, தமிழில் கெஞ்சி, கடைசியில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சென்னையிலிருந்து சர்வர் வரை டேட்டா போகும் வழியைச் சோதித்து, முடிவைக் கம்பெனிக்கு அனுப்பினோம். அதில் பழுதில்லை என்று கம்பெனி கைகழுவியது. முனிரத்தினமும் குழம்பிப்போய் டீ குடிக்க வந்தார். திருமலையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “ஏம்பா, மலைக்கு ஏறுற ரோடும் எறங்குற ரோடும் ஒண்ணா இன்னா?” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நாம ஏறுறத மட்டும் பாத்துக்கினு இருக்கோம்” என்று பாதி டீயோடு கிளம்பிவிட்டார்.

சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியைச் சோதித்தார். அது வேறு பாதை. நடுவில் ஓரிடத்துக்கு அப்பால் டேட்டா பாதிக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தது. லாட்ஜ்காரர் போன் மேல் போன் போட, இருப்பதை அனுப்பிவிடலாம் என்றேன். “அரைகொறயா அனுப்பறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்” என்று மறுபடி மறுபடி சோதித்து, உறுதியான பிறகே இரண்டு வழியின் முடிவுகளையும் சேர்த்து அனுப்பினார். மாலைக்குள் கம்பெனி பாதையை மாற்றியது. லாட்ஜ்காரர் லட்டு கொண்டுவந்தார்.

விஜயபுரத்தில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் மனைவியிடம் கேட்டேவிட்டேன். “எம்மேல இன்னா கோவம்மா அவருக்கு?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “கோவமா? ஒங்க மெசேஜ் எல்லாம் படிச்சிக்கினு தான் இருந்தாரு அண்ணா. பதில் எழுத ஒக்காருவாரு. ரெண்டு வரி எழுதறதுக்குள்ள கை நடுங்கும். நான் எழுதறேன்னா வுடமாட்டாரு. டாக்டருங்களே இன்னா வியாதின்னு இன்னும் சொல்லல, அரைகொறயா இன்னாத்த எழுதறதுன்னு அழிச்சிடுவாரு.”

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. முகம் தெரியாத கம்பெனிக்கெல்லாம் ‘புரியவில்லை’ என்று எழுதிய மனுஷர், அந்த ஒரு வரியை எனக்கு எழுதியிருக்கக் கூடாதா? நான் போட்டதெல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பதில்தான் திரும்பும் வழியில் தொலைந்திருக்கிறது. நானோ, ஏறும் வழியை மட்டும் பார்த்துக்கொண்டு, இல்லாத கோபத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியையும் பார்க்கும் பழக்கத்தை அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். அந்த முதல் வரியையும் வைத்துக்கொள்கிறேன். அரைகுறையாக அனுப்பாதே என்றதை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனார்? காரணம் எங்களுக்குப் புரியவில்லை. நான் எழுதியிருக்கும் இதுவும் அரைகுறைதான், முனிரத்தினம். இருந்தாலும் அனுப்புகிறேன்.