நிறுத்தத் தெரியாத வாச்சர்

இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். அங்கே காவல் காக்கும் வாச்சர் காத்தமுத்துதான். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கையில் கித்துல் கம்பு. ஒரே ஒரு தடவை, மரத்தில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலைத் திருட வந்த ஒருவனை மெய்யாகவே அடித்து விரட்டினான். வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. திருடன் அவிசாவளைப் பக்கம் ஓடி மறைந்துவிட்டான். இவன் கம்பு ஓயவில்லை. விறகு பொறுக்க வந்தவர்கள், தபால்காரர், ஒரு பசுமாடு என்று பத்து நாளும் யாருக்காவது விழுந்தது. பதினோராம் நாள், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டு வர, அவர் முழங்காலில் விழுந்த பிறகுதான் நின்றது. "இருட்டா இருந்திச்சுங்க" என்று அன்றிலிருந்து சாதித்து வந்தான். அடித்தது பகல் பத்து மணிக்கு.

2008இல் சிக்குன்குன்யா வந்தது. மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நின்று, எல்லாவற்றிலும் நுளம்பு, அதுதான் கொசு. தொழிலாளர் குடியிருந்த லயமே படுத்து, பிறகு எழுந்து வேலைக்குப் போனது. காத்தமுத்துவின் மனைவி புஷ்பத்துக்கும் நாலு நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் இரண்டு மாதமாகியும் விரல்கள் வீங்கியே கிடந்தன; பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை.

"காய்ச்சல் இல்ல, பிறகென்ன நோவு? நடிப்பு" என்றார் கணக்கப்பிள்ளை. பதினாறு வருஷமாக அவள் பால் வெட்டிய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

புஷ்பம் அழவில்லை. "என் மரத்த ஆழமா வெட்டிக் காயப்படுத்திருவாளுகளே" என்று மட்டும் சொன்னாள். காத்தமுத்து மறுநாளே அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டொக்டர் இளம்பெண். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். "உடம்புக்குள்ளே ஒரு வாச்சர் இருக்கிறான். வைரஸ் வந்தால் அடித்து விரட்டுவான். சிலருக்கு வைரஸ் போன பிறகும் அவன் நிறுத்துவதில்லை. வீட்டு ஆட்களையே அடிக்கிறான். மூட்டு வீங்குவது அதனாலாக இருக்கலாம். ஏன் சிலருக்கு மட்டும் இப்படி என்பது எங்களுக்கும் சரியாகத் தெரியாது. மருந்து தருகிறேன். அநேகமாக அடங்கும், ஆனால் மாதக்கணக்காகும்."

காத்தமுத்துவின் முகம் சுண்டியது. யாரோ இவரிடம் கோள் சொல்லியிருக்கிறார்கள்! புஷ்பத்துக்கும் சிங்களம் நன்றாகவே தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

பஸ்ஸில் கேட்டாள்: "ஏங்க, எனக்குள்ள இருக்கவனுக்கும் காக்கிச் சட்டைதானோ?"

"சும்மா வா புள்ள."

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லோரும் கூடி நிற்க, டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தைக் காத்தமுத்து கணக்கப்பிள்ளையிடம் நீட்டினான். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "வைரஸ் போயிருச்சாம், நோவு போகலியாம். இது எந்த ஊரு நியாயம்?"

காத்தமுத்து கம்பைக் கீழே வைத்தான்.

"ஐயா, திருடன் ஓடின பதினோராம் நாளு ஒங்க முழங்கால்ல அடிச்சேனே, அன்னைக்கி இருட்டே இல்லீங்க. நல்ல வெளிச்சம். நிறுத்தத் தெரியாமத்தான் அடிச்சேன். அவ ஒடம்புக்குள்ளயும் ஒருத்தன் அப்படித்தான் அடிக்கிறானாம்."

பெரட்டே கொல்லென்று சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் கை தானாக முழங்காலுக்குப் போயிருந்தது.

"என்னைய அடிச்சப்புறம் நீ நிறுத்திட்டே. அவன எது நிறுத்தும்?"

"மாத்திரைங்க."

"அவ மரம் அவளுக்கே இருக்கட்டும்" என்றார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

நாலு மாதம் கழித்துப் புஷ்பம் கத்தியோடு மரத்துக்குப் போனாள். காத்தமுத்து கம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் போய், சிரட்டைகளில் நின்ற மழைத்தண்ணீரை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே நடந்தான்.