சட்டைப்பையில் ஓர் அனுமதி

ஜேர்மனியில், எங்கள் எர்லாங்கன் நகரத்தில், தியாகராசா அண்ணையைத் தெரியாத தமிழர் இல்லை. ஒரு கன்ரீனில் கோப்பை கழுவுகிறார். பின்னால் வந்து யாராவது தோளைத் தொட்டால் துள்ளி விழுவார். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்தபோது முதுகில் ஏறிய துண்டொன்று அவரோடு சேர்ந்து அகதியாக வந்து இங்கேயே தங்கிவிட்டது. அதை எடுக்க ஏலாது என்று டாக்குத்தர்மார் கையை விரித்துவிட்டார்கள். நோ கூடினால் மனுசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

2009இல் அவருடைய டாக்குத்தர் அம்மா ஒரு வழி சொன்னார்: கஞ்சா. மொழிபெயர்க்கப் போன எனக்கே அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கூசியது. வேறு எந்த மருந்துக்கும் நோ அடங்காதவர்களுக்கு மத்திய அரசின் மருந்து அலுவலகம் ஆளுக்கென்று தனி அனுமதி கொடுக்குமாம். விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, மாதக்கணக்காகக் காத்திருந்து ஒருவழியாக அனுமதி வந்தது. மருந்தை மருந்துக்கடையில் சொந்தக் காசில் வாங்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், வேறு எவருக்கும் ஒரு கிள்ளுக்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அனுமதியும் போகும், வழக்கும் வரும். இதைத் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினேன். அண்ணை மருந்தையும் அனுமதிப் பத்திரத்தையும் ஒன்றாக அலுமாரியில் பூட்டினார். அந்தப் பூட்டின் திறப்பு அவர் மனைவி ஜெயமலரின் தாலிக்கொடியில் ஊசியோடு ஊசியாகத் தொங்கியது.

ஜெயமலர் அதைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பாள். பல வருசத்துக்குப் பிறகு அண்ணை மல்லாந்து படுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சனத்தின் வாய்க்குப் பயந்து, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அது மூலிகை என்று ஜெயமலர் சொல்லி வைத்திருந்தாள்.

வினை அங்கேதான் பிடித்தது. பாரிசிலுள்ள மகளிடம் போக முன் பயணம் சொல்ல வந்த அன்னப்பிள்ளை அக்கா, முழங்கால் நோவுக்கு அந்த மூலிகையில் கொஞ்சம் கேட்டிருக்கிறார். இல்லை என்றால் சந்தேகப்படுவா என்று, இந்த விசரி பேப்பர்த் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்! வாசலுக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பி இவளுக்குப் பழக்கமில்லை.

அடுத்த நாள், அக்கா வெளிக்கிட்ட பிறகுதான் பயம் பிடித்து எங்களிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணை கோபிக்கவில்லை. அவருடைய முகத்தில் இரத்தம் இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரெயினில பொலிஸ்காரர் நாயோட வந்து பாப்பாங்கள். அக்கா ஒண்டும் தெரியாமல் எங்கட பேரைச் சொல்லுவா. எனக்குத் திரும்பவும் அந்த நோ வரும், சந்திரகாந்தி."

அக்காவின் கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஜெயமலரை வீட்டில் விட்டுவிட்டு நானும் அண்ணையும், அக்கா பாரிசுக்கு ரெயின் ஏறும் நூரென்பேர்க் ஸ்ரேசனுக்கு ஓடினோம். வழியெல்லாம் அவர் முருகா முருகா என்றார். மேடையில் அக்கா பெட்டிக்கு மேல் குந்தியிருந்து வடை தின்றுகொண்டிருந்தார். ஏன் எதற்கென்று சொல்லாமல் பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார் அண்ணை. கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற ஆட்களை இப்போதுதான் காண்கிறேன் என்று முறைத்துவிட்டு அக்கா ரெயின் ஏறினார்.

அப்பாடா என்று திரும்பினால் இரண்டு பொலிசாரும் ஒரு நாயும். நாய் நேரே வந்து அண்ணையின் காலடியில் குந்தியது.

அண்ணையின் கைகள் தாமாக மேலே போயின. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அனுமதி எர்லாங்கனில், பூட்டின அலுமாரிக்குள். நான் வாயைத் திறக்க முன், இத்தனை வருசமாக இந்த நாட்டு மொழி டொச்சைப் பேசக் கூசிய மனுசன் டொச்சிலேயே சொன்னார்:

"அது என்ர மருந்து. எனக்கு அனுமதி இருக்கு."

ஸ்ரேசன் பொலிஸ் அறையில் இருந்தோம். நான் ரெலிபோனில் கூப்பிட்ட ஜெயமலர் பத்திரத்தோடு வந்து சேரும்வரை அண்ணை கதிரையில் சாயவில்லை. பொலிஸ்காரர் அதை வாசித்து, எங்கேயோ ரெலிபோன் எடுத்துக் கேட்டு, மருந்து ஏன் பேப்பரில் இருக்கிறது என்றார். எங்கள் ஆட்கள் மருந்தை அப்படித்தான் சுற்றுவார்கள் என்றேன். அது பொய்யில்லை. அவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, அன்பாகத்தான் சொன்னார், இந்தப் பத்திரத்தை எந்த நேரமும் உடம்போடு வைத்திருங்கள் என்று.

அன்றிலிருந்து அது பிளாஸ்ரிக் உறையில், அவருடைய சட்டைப்பையில். குப்பை போடப் போனாலும் தடவிப் பார்க்கிறார். படுக்கும்போதும் கழற்றுவதில்லையாம். போன கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணை, இது ஜேர்மனி, ஊரில் ஆமிக்குப் பயந்து அடையாள அட்டையோடு திரிந்த மாதிரி இங்கேயும் திரிவீர்களா என்று ஏசினேன்.

"ஓம், ஜேர்மனி எண்டு தெரியும்" என்றார். கை பையைத் தடவிக்கொண்டிருந்தது.