இருபத்திரண்டு போல்ட்

ஹோய் ஆன் ஊரின் ஆற்றங்கரைப் பழைய தெருவில் வெள்ளத்துக்குக் கதவடைத்த ஒரே ஆள் கியெம்தான். இதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பிறர் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் மானம் கொஞ்சம் மிஞ்சும் என்று ஒரு நினைப்பு.

முப்பது வருடம் தா நாங் நகரத்தில் மொட்டைமாடி ஒழுகலை அடைத்துச் சம்பாதித்த மனிதர். ஓய்வு பெற்றதும் மனைவி லுவாவோடு முன்னோர்கள் விட்டுப்போன இருநூறு வருட வீட்டுக்குக் குடிவந்தார். ஆறு ஏறினால் அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றுதான். சாமான்களைக் கயிறு கட்டி மச்சுக்கு ஏற்றிவிட்டு, முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைப்பார்கள். தண்ணீர் வரும், போகும். ஊருக்கெல்லாம் ஒரு வழி என்றால் கியெமுக்குத் தனி வழி. முன்வாசலில் இரும்புப் பலகை, ஓரமெல்லாம் ரப்பர், இருபத்திரண்டு போல்ட். பின்வாசலுக்கும் அதே மரியாதை. சாக்கடை வாயைச் சிமெண்டு போட்டே மூடிவிட்டார்.

அக்டோபர் கடைசியில் வெள்ளம் வந்தது. வெளியே இடுப்பளவு. உள்ளே கியெம் கால்மேல் கால் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கத்துச் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. பார்த்தால் சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளி நிற்கிறது.

அடுத்த வீட்டு தாவ் மாடியிலிருந்து முற்றத்துக்குள் எட்டிக் கத்தினான். "கியெம் அண்ணே! எங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி, உங்க வீட்டுல ஒரு சொட்டு இல்ல. நடுவுல நிக்கிற சுவர் என்ன பாவம் பண்ணுச்சு? அது விழுந்தா ரெண்டு வீடும் போயிடும்ணே!"

"அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் லுவா. "தொறந்து விடுங்க!"

கியெம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு போல்ட்கூட அசையவில்லை. வாழ்நாளில் எத்தனையோ மாடிகளுக்குப் பூசிய பூச்சு அடுத்த மழையிலேயே ஒழுகியது; இது ஒன்றுதான் சொட்டுக்கூட விடவில்லை. விரிசல் உத்தரம் வரை ஏறியது. அவர் அழுதேவிட்டார். அழுதபடியே கடப்பாரையை எடுத்துத் தன் கைவேலையைத் தானே நெம்பினார். ஏழாவது நெம்பலில் பலகை பிய்ந்தது. உள்ளே பாய்ந்த தண்ணீர் அவரை அடுப்படி வரை இழுத்துப்போக, லுவா மாடிப்படியிலிருந்து எட்டிச் சட்டைக் காலரைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமானதும் விரிசல் நின்றது. சுவர் விழவில்லை.

தண்ணீர் வடிந்து நான்காம் நாள் வார்டு அலுவலகத்துப் பெண் வெள்ளச் சேதப் படிவத்தோடு வந்தாள். அதில் ஒரு கேள்வி: 'பழைய வீட்டைக் காக்க நீங்கள் எடுத்த நடவடிக்கை?' கியெம் வெகுநேரம் யோசித்து, 'கதவைத் திறந்தேன்' என்று எழுதினார்.

லுவா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "மூடினது யாருன்னு கேக்கலயா?"

"அதுக்கு அவங்க இடம் விடல," என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டார் கியெம்.