முகம் தெரியவில்லை

அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிக்கு ஆந்தை என்று பேர் வைத்தது அங்கிருந்த பிள்ளைகள். ஒருமுறை பார்த்த முகத்தை மறக்க மாட்டார். செருப்புச் சத்தத்தை வைத்தே எந்த வீட்டு ஆள் என்று சொல்லி கேட்டைத் திறந்துவிடுவார். தலை நரைக்கும்வரை பிழைப்பு அப்படியே ஓடியது.

ஒரு நாள், மேல்மாடிக்காரரின் மருமகன் என்று வாய் கூசாமல் சொன்ன ஒருவனை உள்ளே விட்டார். அவன் வெளியே போகும்போது வேறொருவருடைய சைக்கிளைத் திருடிக்கொண்டு போனான். சங்கக் கூட்டத்தில் செயலாளர் எல்லார் முன்னாலும் ஆந்தையை நிற்கவைத்தார்.

"உன் கண்ணை நம்புறதுக்கு ஒரு நாயை வளர்த்திருக்கலாம்யா. அது குரைக்கவாவது செய்யும்."

எல்லாரும் சிரித்தார்கள். படி பெருக்க வந்திருந்த ஆந்தையின் மகள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே கேட்டில் முகம் பார்க்கும் கருவி வந்தது. தெரிந்த முகம் என்றால் திறக்கும். இல்லாவிட்டால் "முகம் தெரியவில்லை" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அவசரத்துக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்தது.

"அதுல கை வெச்சே, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடு," என்றார் செயலாளர்.

ஆந்தைக்கு மிஞ்சியது ஒரு ஸ்டூலும் மோட்டார் போடும் வேலையும்.

ஒரு மத்தியானம் செயலாளர் வெளியிலிருந்து தள்ளாடி வந்து கேட் முன் நின்றார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை துணி மாதிரித் தொங்கியது. பக்கவாதம் என்று ஆந்தைக்கு உடனே தெரிந்தது. அதே போல் வாய் கோணிப்போன தன் மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். சீக்கிரம் வந்தால் ஆள் தேறும், தாமதித்தால் கட்டைதான் என்று அன்று டாக்டர் திட்டியதும் மறக்கவில்லை.

"முகம் தெரியவில்லை," என்றது கருவி.

செயலாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தொ... தொ..." எச்சில் சட்டையில் வழிந்தது.

"அதுக்கே தெரியலையாம் சார். என் கண்ணை நம்பி எப்படித் திறக்கிறது?"

கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றுதான் ஆந்தை முதலில் நினைத்தார். அந்தக் கொஞ்ச நேரம் இனித்தது. அதனால் நீண்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. செயலாளர் மடங்கி உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். சாப்பிட வரவில்லையே என்று அவர் மனைவி இறங்கி வந்தபோதுதான், அவள் முகத்தைப் பார்த்து கேட் திறந்தது.

சங்கத்தார் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். படம் இருந்தது, சத்தம் இல்லை. "பாவம், இவருக்கும் அடையாளம் தெரியலை. விதிப்படிதான் நடந்திருக்கார்," என்று முடித்தார்கள்.

செயலாளர் பிழைத்தார். இடது கை மட்டும் அசையும். பேச்சு போய்விட்டது, எழுதவும் வராது. கோணிய முகத்தைக் கருவியில் புதிதாகப் பதிந்தார்கள். இப்போது உடனே திறக்கிறது.

சக்கர நாற்காலி தள்ள ஆள் வேண்டியிருந்தது.

"தெரியாதவங்களைக் கூப்பிட மனசு வரலைண்ணா," என்றாள் செயலாளரின் மனைவி. "வருஷக்கணக்கா பார்த்த முகம் நீங்க. உங்களை நம்பித்தான் விடுறேன்."

"நான் பார்த்துக்கிறேன்மா," என்றார் ஆந்தை.

முதல் நாள் மாலை கேட் திறந்தும் நாற்காலி நகரவில்லை. செயலாளரின் இடது கை கம்பியை இறுகப் பற்றியிருந்தது. தொண்டைக்குள் ஏதோ உறுமியது.

"வெளியே போகணும்னாலே சோம்பல் இவருக்கு," என்று மனைவி சிரித்தாள். "நீங்க கூட்டிட்டுப் போங்கண்ணா."

ஆந்தை குனிந்து அந்த விரல்களைப் பிரித்தார். கட்டைவிரலை முதலில் எடுத்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும். படுக்கையில் கிடந்த தன் மனைவியைப் பார்த்துக்கொண்டபோது பழகியது.